சேலத்து வெயில், ஏற்காட்டு மூட்டம்: நீர்வண்ணத் தாள் வாங்குவது முதல் பாதுகாப்பது வரை

நீர்வண்ணம் பழக ஆரம்பிக்கிறவர்கள் பலரும் வண்ணப் பெட்டிக்கும் பிரஷ்ஷுக்கும் செலவழித்துவிட்டு, மிச்சம் இருக்கிற காசில் தாள் வாங்குகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். சுமாரான வண்ணத்தை வைத்துக்கொண்டு நல்ல தாளில் ஒப்பேற்றிவிடலாம். தாள் மோசமாக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த டியூபும் கைகொடுக்காது.

சரி, நல்ல தாள் எது? படித்துப் பார்த்தால் பெரும்பாலான ஆலோசனைகள் குளிர் நாடுகளில் இருப்பவர்கள் சொன்னவை. சேலத்தில் சித்திரை மாதத்து மதியம் ஒரு பெரிய வாஷ், அதாவது நீர்த்த வண்ணத்தை அகலமாகப் பரப்பிப் பூசுவது, போட்டுப் பாருங்கள். பிரஷ் வலது ஓரத்தை எட்டுவதற்குள் இடது ஓரம் காய்ந்து கோடு விழுந்திருக்கும். அதே தாளைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு போய், கார்த்திகை மூட்டத்தில் உட்கார்ந்து அதே வாஷைப் போட்டால், டீ குடித்துவிட்டு வந்த பிறகும் ஈரம் அப்படியே நிற்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இரண்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சாலைதான். ஆகவே எந்தக் கம்பெனித் தாள் என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் காற்றில் வரையப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கில்தான் போகிறது.

படி 1: அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பார்க்க வேண்டியவை நான்கு: எதனால் செய்தது, எடை, மேற்பரப்பு, சைசிங்.

முதலில் நார். முழுப் பருத்தித் தாள் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அதனால் வாஷ் நிதானமாகக் காயும், ஓரங்கள் மென்மையாக விழும், அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றினாலும் கீழ் அடுக்கு கலங்காது. மரக்கூழ்த் தாளில் தண்ணீர் மேலேயே நிற்கும். சீக்கிரம் காயும், ஓரம் கூர்மையாகக் கோடு கட்டும். ஆனால் போட்ட வண்ணத்தைத் துடைத்து எடுப்பது அதில்தான் சுலபம். 25 சதவீதம் பருத்தி கலந்த தாள்கள் இரண்டுக்கும் நடுவில். 'ஆசிட் ஃப்ரீ' என்ற வார்த்தை இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதா டிராயிங் நோட்டில் வரைந்த படம் சில வருடங்களில் பழுப்பேறுவது அது இல்லாததால்தான்.

அடுத்து எடை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 190 மெல்லிசு, நனைந்ததும் அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும். 300 பொதுவான அளவு. 640 அட்டை மாதிரி இருக்கும், எதற்கும் அசையாது, விலையும் அதற்கேற்ப இருக்கும். சில உறைகளில் 140 எல்பி என்று போட்டிருக்கும். 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் உள்ள இம்பீரியல் தாள் ஐந்நூறின் எடை 140 பவுண்டு என்று அர்த்தம். நம் 300 ஜிஎஸ்எம்தான் அது.

மேற்பரப்பில் மூன்று வகை. ஹாட் பிரஸ் என்றால் சூடான உருளைகளில் அழுத்தி வழவழப்பாக்கியது. கோல்டு பிரஸ்ஸில் லேசான சொரசொரப்பு இருக்கும். ரஃப்பில் மேடுபள்ளம் கையில் தட்டுப்படும். இங்கிலாந்துத் தாள்களில் 'நாட்' என்று போட்டிருந்தால் அது கோல்டு பிரஸ்தான், குழம்ப வேண்டாம். சேலம் குண்டு மாம்பழத்தின் தோலில் பச்சை மஞ்சளாக மாறுகிற இடத்தை நுணுக்கமாகக் காட்ட வேண்டுமானால் ஹாட் பிரஸ். தாரமங்கலம் கோயில் கல் சுவருக்கு ரஃப். பிரஷ்ஷை ஏறக்குறைய உலர்வாக வைத்துப் படுக்கவாட்டில் இழுத்தால், வண்ணம் மேடுகளில் மட்டும் ஒட்டிப் பள்ளங்களில் வெள்ளை நிற்கும்; கல்லின் பொரிந்த தோற்றம் தானாக வந்துவிடும். எதை வாங்குவது என்று தெரியவில்லையா, கண்ணை மூடிக்கொண்டு கோல்டு பிரஸ் வாங்குங்கள்.

நான்காவதுதான் யாரும் கவனிக்காதது. சைசிங் என்பது தாளுக்கு ஏற்றுகிற பசை. அது இல்லையென்றால் தாள் மை ஒற்றித் தாளாகிவிடும். வைத்த இடத்தில் வண்ணம் நிற்காமல் உள்ளே இறங்கிச் செத்துப்போகும். ஆர்ச்சஸ் என்ற கம்பெனித் தாளில் ஜெலட்டின் சைசிங். நனைத்தால் லேசாக ஒரு வாடை அடிக்கும். தாள் கெட்டுவிட்டது என்று பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விலங்குப் பொருள் வேண்டாம் என்கிற சைவக்காரர்களுக்கு ஃபேப்ரியானோ ஆர்ட்டிஸ்டிகோ இருக்கிறது, அதில் ஜெலட்டின் கிடையாது.

படி 2: கடையில்

பள்ளிக்கூடங்களுக்கு நோட்டு விற்கிற ஸ்டேஷனரி கடையில் போய், "அண்ணா, வாட்டர்கலர் ஷீட் இருக்குங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் கெட்டியான டிராயிங் தாளையோ சார்ட் அட்டையையோதான் எடுத்துப் போடுவார். அவர் மேல் தப்பில்லை, ஓவியப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கேட்பது அதுதான். "300 ஜிஎஸ்எம், கோல்டு பிரஸ், எத்தனை சதவீதம் காட்டன்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆர்ட்டிஸ்ட் சாமான் தனியாக விற்கிற கடைக்கோ ஆன்லைனுக்கோ போய்விடலாம்.

பெயர்களைப் பொறுத்தவரை: பிரான்சின் ஆர்ச்சஸ் ஆலை 1492-லிருந்து தாள் செய்கிறது. இத்தாலியின் ஃபேப்ரியானோவில் 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே தாள் தொழில். இங்கிலாந்தின் சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்டும் முழுப் பருத்தி. மூன்றும் விலை கடிக்கும். கேன்சன் எக்ஸ்எல், மான்ட்வல் இரண்டும் மரக்கூழ். நம் நாட்டில் சுலபமாகக் கிடைக்கும் புரூஸ்ட்ரோவில் 25 சதவீதமும் உண்டு, 100 சதவீதமும் உண்டு. அட்டையைப் பார்க்காமல் எடுத்தால் மாறிவிடும்.

கைமுறைத் தாளை மறந்துவிட வேண்டாம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைமுறைக் காகிதக் கூடம் 1959-லிருந்து நடக்கிறது. கர்நாடகத்தில் பனியன் துணி வெட்டுத் துண்டுகளை அரைத்துச் செய்யும் பருத்தித் தாளும் கிடைக்கிறது. நான்கு பக்கமும் பிசிறு விளிம்போடு பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் சைசிங் தொகுதிக்குத் தொகுதி மாறும். ஒரு தடவை அருமையாக வேலை செய்தது என்று அடுத்த தடவை ஐம்பது தாள் அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

பேட் வாங்குவதா, தனித் தாளா? தனி இம்பீரியல் தாள்தான் லாபம். நான்காகக் கிழித்தால் 11-க்கு 15 அங்குலத்தில் நான்கு படம். எட்டாகக் கிழித்தால் மலையில் மடியில் வைத்து வரையத் தோதான அளவு.

படி 3: ஒரு துண்டைப் பலி கொடுங்கள்

புதுத் தாளில் நேரடியாகப் படம் ஆரம்பிக்காமல், ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்துச் சோதித்துவிடுங்கள். கிழிப்பதற்குக் கத்தரி வேண்டாம். மடித்து, மடிப்பை நகத்தால் நன்றாகத் தேய்த்து, திருப்பி மடித்துத் தேய்த்து, இரும்பு ஸ்கேலை வைத்துக் கிழித்தால் விளிம்பு இயல்பாக வரும்.

முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர். அது முத்தாகச் சிறிது நேரம் நின்று, பிறகு மெதுவாக இறங்கினால் சைசிங் சரி. விழுந்ததும் உறிஞ்சினால் போய்விட்டது. நிலைத்து உருண்டுகொண்டே இருந்தால் பசை அதிகம். ஸ்பாஞ்சில் தண்ணீர் தொட்டு ஒரு தடவை மெல்லத் துடைத்துக்கொண்டால் பழகிவிடும்.

அடுத்து அல்ட்ராமரைன் நீலத்தில் ஒரு உள்ளங்கை அளவு வாஷ். காய்ந்த பிறகு ஒரு பாதியை ஈர பிரஷ்ஷால் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றுங்கள். எவ்வளவு நிறம் மேலே வருகிறது, நார் பிரிகிறதா என்று பாருங்கள். இன்னொரு மூலையில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். மாஸ்கிங் திரவம் (வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் தடவி, பிறகு உரித்தெடுக்கிற ரப்பர் பால்) பயன்படுத்துகிறவர்கள் அதையும் ஒரு பொட்டு வைத்துச் சோதிக்க வேண்டும். ஏற்காட்டு லேடீஸ் சீட் காட்சி முனையிலிருந்து கீழே பார்த்தால் மேக்னசைட் வெட்டிய சுண்ணாம்புக் கரடு வெள்ளைத் திட்டாகத் தெரியுமே, அதை வரைய அந்தத் திரவம் தோது. கைமுறைத் தாளிலோ அது தோலோடு பிய்த்துக்கொண்டு வரும். தடவிய தாளை வெயிலில் வைப்பதும், ஹேர் டிரையர் காட்டுவதும், நாள்கணக்கில் விட்டுவைப்பதும் கூடாது. ரப்பர் தாளோடு ஒன்றிவிடும்.

கடைசியாக, மணிக்கட்டில் கடிகாரத்தோடு ஒரு சோதனை. துண்டை நனைத்து, பளபளப்பு மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. நீங்கள் வரையும் இடத்தில் அந்தத் தாளுக்கு உள்ள அவகாசம் அவ்வளவுதான். துண்டின் பின்னால் தாளின் பெயர், மாதம், நேரம் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை கடையில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

படி 4: பலகையில் ஏற்றுவது

640 ஜிஎஸ்எம் தாளுக்கு இந்தப் படி தேவையில்லை. 300-க்கு, படம் சின்னதாக இருந்தால் நான்கு பக்கமும் கிளிப் போதும். 190-க்கும், 300-இல் பெரிய வாஷ் போடுவதற்கும் தாளை நனைத்து இழுத்து ஒட்ட வேண்டும்.

தேவை: 12 மில்லிமீட்டர் பிளைவுட், தண்ணீர் தொட்டால் ஒட்டுகிற பிரவுன் கம் டேப் இரண்டு அங்குல அகலத்தில், ஒரு டப். பாலிடெக்னிக் படித்தவர் வீட்டுப் பரணில் பழைய டிராயிங் போர்டு கிடந்தால் அதுவே போதும். டேப்பை முன்கூட்டியே நான்கு துண்டாக வெட்டி, ஈரம் படாமல் தள்ளி வையுங்கள். இதை மறந்தால் சொட்டச் சொட்டத் தாளைப் பிடித்துக்கொண்டு கத்தரியைத் தேட வேண்டியிருக்கும். 300 ஜிஎஸ்எம்மை ஐந்து முதல் எட்டு நிமிடம் தண்ணீரில் அமிழ்த்துங்கள். 190-க்கு மூன்று நான்கு நிமிடம் போதும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி, தண்ணீர் வடிந்ததும் பலகையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வழித்துவிட்டு, விளிம்புகளைத் துணியால் ஒற்றி, டேப்பை ஸ்பாஞ்சால் ஈரப்படுத்தி ஒட்டுங்கள். பாதி அகலம் தாளில், பாதி பலகையில்.

காய வைப்பதில்தான் சேலத்துக்காரர்கள் அவசரப்படுவார்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து சுருங்கி, நடு ஈரமாகவே இருந்து, டேப் பிய்த்துக்கொள்ளும். நிழலில், படுக்கை வசமாக வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் தண்ணீர் கீழ் ஓரத்தில் சேர்ந்து அந்தப் பக்க டேப் விட்டுவிடும். சீலிங் ஃபேன் வேண்டாம். தட்டினால் மேளம் மாதிரி ஒலித்தால் தாள் தயார்.

இப்படி விறைப்பாக ஒட்டிய தாளை மூட்ட நாளில் ஏற்காட்டுக்கு எடுத்துப்போனால், காற்றின் ஈரத்திலேயே தளர்ந்துவிடும். அங்கே பிளாக்கோ (ஓரங்களைப் பசையால் ஒட்டிய தாள் கட்டு), கிளிப் போட்ட சின்னத் தாளோ உத்தமம்.

சேலத்துக் கோடைக்கு இன்னொரு வழி உண்டு, எனக்கு இதுதான் பிடித்தது. முழுப் பருத்தித் தாளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து, டேப் எதுவும் இல்லாமல், வழவழப்பான பரப்பில் அப்படியே படிய விடுவது. வீடு கட்டும்போது மிச்சமான இரண்டடி டைல் இதற்குப் பிரமாதம், பாதி இம்பீரியல் தாள் கச்சிதமாக உட்காரும். டைல் தண்ணீரை உறிஞ்சாது, தாள் அடியிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மதிய நேரத்தில்கூட நிதானமாக ஈரத்தின் மேல் ஈரம் வரைய முடியும். மரக்கூழ்த் தாளில் இது எடுபடாது.

படி 5: பளபளப்பைப் பார்த்து வரைவது

ஈரத் தாள் மூன்று நிலைகளைக் கடக்கும். முதலில் கண்ணாடி போல மின்னும். பிறகு மினுமினுப்பு குறைந்து பட்டுத்துணி மாதிரி மங்கும். கடைசியில் மினுக்கம் முழுக்கப் போய், தொட்டால் மட்டும் சில்லென்று இருக்கும். தலைக்கு மேலிருந்து பார்த்தால் இது தெரியாது. பலகையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்து ஓரமாக நிற்கும் சில்வர் ஓக் வரிசையை மூட்டத்தோடு வரைவதாக வைத்துக்கொள்வோம். தாளை முழுக்க நனைத்து, அல்ட்ராமரைனோடு துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்த வெளிர் சாம்பலை மேலிருந்து கீழே இழுத்துவிடுங்கள், கீழே போகப் போக நீர்த்துப்போகட்டும். கண்ணாடி மினுக்கம் இருக்கும்போதே தூரத்து மலை முகட்டை அதே சாம்பலில் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வையுங்கள். அது கரைந்து பாதி காணாமல் போகும். போகட்டும், மூட்டம் அதுதான். மினுமினுப்பு பட்டு நிலைக்கு வந்ததும் சில்வர் ஓக். இப்போது பிரஷ்ஷில் தண்ணீரைக் குறைத்து வண்ணத்தைக் கூட்டுங்கள். மரத்தின் உச்சியை வைத்துவிட்டு, அடியைச் சுத்தமான, பிழிந்த பிரஷ்ஷால் ஒரு தடவை வருடினால் தண்டு மூட்டத்துக்குள் இறங்கிவிடும். முன்னால் இருக்கும் காபிச் செடிகளும், தண்டில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியும் மினுக்கம் போன பிறகு, கெட்டியான வண்ணத்தில்.

தாளில் இருக்கும் ஈரத்தைவிட பிரஷ்ஷில் ஈரம் அதிகமாக இருக்கக் கூடாது. மங்க ஆரம்பித்த வாஷில் ஈரமான பிரஷ்ஷை வைத்தால், தண்ணீர் நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் காலிஃபிளவர் மாதிரி ஒரு விளிம்பு கட்டும். மரக்கூழ்த் தாளில் இந்தத் தொல்லை அதிகம். அப்படி நேர்ந்தால் நோண்டாமல் விடுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூட்ட நாளில் மலிவான மரக்கூழ்த் தாளே ஏற்காட்டில் ஓரளவு நன்றாக வேலை செய்யும். தாள் பிடித்து வைக்க வேண்டிய ஈரத்தைக் காற்றே பிடித்து வைக்கிறது. அங்கே முழுப் பருத்தித் தாளைத் தொப்பலாக நனைத்துவிட்டால் கடைசி பஸ் போகும்வரை காய்வதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே விலை உயர்ந்த தாளைச் சேலத்து வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மலைக்குச் சாதாரணத் தாளை எடுத்துப்போகலாம். ஊரே நேர்மாறாகச் செய்கிறது. கோடை விழா சமயத்து வெயில் நாள்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சேலத்தில் வெளியே வரைய காலை எட்டு மணிக்குள் முடித்துவிடப் பாருங்கள். வீட்டுக்குள் என்றால் வரையும் வேளையில் மட்டும் ஃபேனை அணைத்துவிடுங்கள். புழுக்கம்தான், வேறு வழியில்லை. ஃபேன் காற்றில் வாஷ் திட்டுத் திட்டாகக் காயும். பக்கத்தில் ஈரத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் கொஞ்சம் உதவும். தண்ணீருக்கு போர் தண்ணீரைவிட காவிரித் தண்ணீர் மேல். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் சில நிறமிகள் திரிதிரியாகப் பிரியும்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு தாளைத் தொடாதீர்கள். அப்போது ஒன்றும் தெரியாது. வாஷ் போட்டதும் விரல் ரேகை வெள்ளையாக எழுந்து நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வரையும்போது கைக்கு அடியில் ஒரு வெற்றுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். வியர்வைக்கும் அது நல்லது.

படி 6: பிரித்தெடுப்பதும் நேராக்குவதும்

படம் முழுக்கக் காய்ந்ததா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் இல்லை. கம் டேப் ஒட்டிய தாளை, டேப்பின் உள் ஓரமாகப் பிளேடால் வெட்டி எடுக்கலாம். மாஸ்கிங் டேப்பாக இருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றி, படத்திலிருந்து வெளிப்பக்கமாக, தாளோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக இழுங்கள். வெயில் காலத்தில் ஒரு வாரம் விட்டுவைத்தால் பசை இறுகித் தாளைக் கிழித்துவிடும்.

அலை அலையாகத் தூக்கியிருந்தால் பின்பக்கம் மட்டும் ஸ்பிரேயால் லேசாக ஈரப்படுத்தி, இரண்டு சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகையும் தடித்த புத்தகங்களும் ஏற்றி ஒரு இரவு விடுங்கள்.

படி 7: மிச்சத் தாளைப் பாதுகாப்பது

சேலத்தில் சுலபம்: பிளாஸ்டிக் உறை, பீரோவின் அடித்தட்டு, சுவரை ஒட்டாமல். ஏற்காட்டில் வீடு இருப்பவர்கள் கூடுதலாக மெனக்கெட வேண்டும். மழைக்கால ஈரம் சைசிங்கைத் தின்றுவிடும். வெளியே பார்க்கத் தாள் புதிதாகவே இருக்கும், வாஷ் போட்டதும் அம்மை போட்டது போல அடர் புள்ளிகள் எழும். காற்றுப் புகாத உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவ்வப்போது பொட்டலத்தை மாற்றுங்கள். ஒரு வருடத்துக்கான தாளை மொத்தமாக வாங்கி மலையில் அடுக்கி வைக்க வேண்டாம்.

சைசிங் போன தாளைத் தூக்கியெறியவும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 20 கிராம் ஜெலட்டினை ஊறவைத்து, கொதிக்க விடாமல் கரையும் அளவுக்குச் சூடாக்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே அகலப் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தடவிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். வெயில் நாளில் செய்ய வேண்டிய வேலை இது, மூட்டத்தில் செய்தால் பூஞ்சை பிடித்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் மறுபடி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நின்றால் வரையலாம். அப்போதும் உறிஞ்சினால் அந்தத் தாளைப் பென்சிலுக்கும் பேஸ்டலுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.